அண்ணன் கையெழுத்து, தம்பி வானம்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு எதற்குள் போனாலும் வளவில் (உள்முற்றத்தில்) நின்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். நிலைகளுக்கு மேலே, முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடி வரிசையாகப் படங்கள் தொங்கும். கோட்டும் தலைப்பாகையுமாக அந்த வீட்டுப் பெரியவர்கள். அவர்களுக்கு நடுவே லட்சுமி, சரஸ்வதி, தமயந்தி, சகுந்தலை. சாமி படங்களில் முக்கால்வாசி ரவிவர்மாவாகத்தான் இருக்கும்.

என் பிழைப்பே அந்தச் சுவரை நம்பித்தான். மறைந்த பெரியவர்களின் போட்டோவை வைத்துக்கொண்டு ஆயில் பெயின்டில் பெரிதாக வரைந்து கொடுப்பேன். பழைய படங்களைத் துடைத்து, சட்டம் மாற்றி, செல்லரித்த இடத்தில் டச்சிங் செய்து கொடுப்பேன். கூட என் தம்பி இருக்கிறான். முகமும் கையும் என்னுடையவை. வேட்டி மடிப்பு, நாற்காலி, பின்னால் தொங்கும் திரைச்சீலை, காலடியில் ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலை எல்லாம் அவன். முடிந்ததும் கீழே வலது மூலையில் என் பெயர் ஏறும். அப்பா காலத்திலும் இப்படித்தான் நடந்தது. அப்பாவின் பெயரில் போன படங்களில் பாதி வேலை சித்தப்பாவுடையது. அக்கா கல்யாணமாகிப் போகும்வரை சேலைக் கரைகளை அவள்தான் போட்டாள். அவ்வளவு சன்னமாக எங்கள் யாருக்கும் பிரஷ் ஓடாது.

அதனாலோ என்னவோ, எனக்கு ரவிவர்மாவைவிட அவருடைய தம்பியின் மேல் பிரியம் அதிகம்.

தம்பி பெயர் சி. ராஜராஜ வர்மா. 1860இல் பிறந்தவர், அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது இளையவர். அண்ணனுக்கு உதவியாளாக, கணக்குப் பார்ப்பவராக, கடிதம் எழுதுபவராக, கூடவே பயணம் போகிறவராகத் தன் வாழ்நாளைக் கழித்தவர் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவரும் ஓவியர். சாதாரண ஓவியர் இல்லை. இயற்கைக் காட்சிகளில் அவருக்குத் தனிக் கை. அண்ணனின் பெரிய படங்கள் பலவற்றில் பின்னால் தெரியும் வானம், மரம், மலை, தண்ணீர் தம்பியின் வேலை. தன் பெயரிலும் வரைந்து கண்காட்சிகளில் பரிசு வாங்கியிருக்கிறார். ஆனாலும் ஊருக்கு ரவிவர்மாதான் தெரியும்.

பின்புலம் வரைவதை எளிதென்று நினைப்பவர்களிடம் ஒன்று கேட்பேன். ஒரு பெண் உருவம் முடிந்துவிட்டது, அவள் தோளுக்குப் பின்னால் வானம் வர வேண்டும். நீலத்தை அடர்த்தியாக வைத்தால் தோள் வெட்டி ஒட்டியதுபோல நிற்கும். வெளிறினால் உடம்பும் வானமும் ஒன்றோடொன்று கரைந்துவிடும். தோளின் விளிம்பில் ஈரம் காய்வதற்குள் இரண்டையும் ஒரு நூல் அளவு கலக்க வேண்டும். அடுத்தவர் வரைந்த உருவத்தைக் கெடுக்காமல், தன் கையையும் காட்டாமல் அதைச் செய்ய வேண்டும். தன் பெயரில் வரைகிறவனுக்கு இந்தப் பொறுமை வராது. எனக்கு வராது.

தம்பி ராஜராஜ வர்மா நாட்குறிப்பு எழுதியிருக்கிறார், ஆங்கிலத்தில். அது புத்தகமாகவும் வந்திருக்கிறது. எந்த ஊரில் யாருடைய உருவப்படம் நடக்கிறது, யார் பார்க்க வந்தார்கள், அன்று மாலை என்ன நாடகம் பார்த்தார்கள் என்று அன்றாட விஷயங்கள்தான். ரவிவர்மா எப்படி வேலை செய்தார், என்ன கவலைப்பட்டார் என்று இன்றைக்கு நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அந்தத் தம்பி ராத்திரி உட்கார்ந்து எழுதிவைத்ததால் தெரிகிறது. வானம் மட்டுமா, அண்ணனின் சரித்திரத்துக்கும் பின்புலம் அவர் போட்டதுதான்.

அந்தக் குடும்பமே அப்படிப்பட்டது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே கிளிமானூர். அம்மா உமாம்பா பாயி கவிதை எழுதுகிறவர். அவர் எழுதிய ‘பார்வதி சுயம்வரம்’ என்ற நூலை அவர் காலமான பிறகு மகன் ரவிவர்மா அச்சில் கொண்டுவந்தார். அப்பா சமஸ்கிருதமும் ஆயுர்வேதமும் படித்த பண்டிதர். தாய்மாமன் ராஜராஜ வர்மா ஓவியர் (தம்பிக்கும் இதே பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம்). சுவரில் கரியால் கிறுக்கிக்கொண்டிருந்த மருமகனைத் திட்டாமல் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர். 1862இல், பதினாலு வயதில், பையனைத் திருவனந்தபுரம் ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் கூட்டிக்கொண்டு போனவரும் அவரே.

அரண்மனையில் நடந்த கதையில் நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வருகிறார்கள். மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர் என்பவர் அங்கே அரசவை ஓவியர். ஆயில் பெயின்ட் நுணுக்கம் தெரிந்தவர். பையனின் கையைப் பார்த்ததும் இவன் நமக்குப் போட்டியாக வருவான் என்று தெரிந்துவிட்டது. சொல்லித்தர மாட்டேன் என்றுவிட்டார். அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் வந்து கற்றுக்கொடுத்திருக்கிறார். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற வெளிநாட்டு ஓவியர் வந்தபோது அவரும் சொல்லித்தரவில்லை, வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். எந்த எண்ணெய் எவ்வளவு, எந்த நிறம் எப்போது காயும் என்று பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டார் ரவிவர்மா. இந்தக் கதையில் எல்லோரும் ரவிவர்மாவின் விடாமுயற்சியைப் பாராட்டுவார்கள். எனக்கு ஆறுமுகம் பிள்ளைதான் நிற்கிறார். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அப்படியும் விளக்கை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாரே! அந்த மனுஷனுக்கு எங்கேயாவது ஒரு சிலை உண்டா?

தங்கை மங்களா பாயியும் ஓவியர். அண்ணனின் உருவப்படம் ஒன்றை அவர் வரைந்திருக்கிறார். ஊரையெல்லாம் வரைந்த அண்ணனை உட்கார வைத்துத் தங்கை வரைவது எவ்வளவு அழகு! அரண்மனைப் பெண்கள் வெளியே அதிகம் போகாத காலம். அண்ணன்கள் இருவரும் பம்பாய், பரோடா, மைசூர் என்று சுற்ற, தங்கை வீட்டிலிருந்தே வரைந்தார். ரவிவர்மாவின் மகன் ராம வர்மா பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு வந்து 1915இல் மாவேலிக்கரையில் ஓவியப் பள்ளி தொடங்கினார். அது இப்போது ரவிவர்மா பெயரில் கவின்கலைக் கல்லூரியாக நடக்கிறது. எள்ளுப்பேத்தி ருக்மிணி வர்மா பெங்களூரில் ஓவியர். மாமன், மருமகன், தம்பி, தங்கை, மகன், எள்ளுப்பேத்தி என்று பிரஷ் கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

குடும்பம் என்று புகழும்போது ஒருவரை விட்டுவிடக் கூடாது. மனைவி பகீரதி பாயி. 1866இல் கல்யாணம். தாய்வழிக் குடும்ப வழக்கப்படி அவர் பிறந்த வீடான மாவேலிக்கரையிலேயே இருந்தார். புருஷன் ஊர் ஊராகப் போய்விடுவார். இரண்டு மகன், மூன்று மகள். 1891இல், சின்ன வயதிலேயே பகீரதி பாயி போய்ச் சேர்ந்துவிட்டார். 1893இல் ரவிவர்மா வரைந்த ‘அப்பா வருகிறார்’ என்ற படத்தில் மூத்த மகள் மகாபிரபா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெளியே கையைக் காட்டிக்கொண்டு நிற்பாள். காலடியில் நாய். சிகாகோ கண்காட்சிக்குப் போன பத்துப் படங்களில் அதுவும் ஒன்று. பார்ப்பவர்கள் சந்தோஷமான படம் என்பார்கள். எனக்கோ அந்தப் படத்தைப் பார்த்தால் கொஞ்சம் கோபம்தான் வரும். அப்பா வருவதே ஒரு சேதியாக இருக்கிற வீட்டின் படம் அது. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்ய, போனவர்களின் வீடுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சிமார்களின் கதை இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. இந்த ஊர்ச் சுவரில் ரவிவர்மா இவ்வளவு சரியாகப் பொருந்திப் போனதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ.

நேரடிக் காரணம் அச்சகம். 1894இல் பம்பாயில் கல் அச்சு எந்திரங்களை ஜெர்மனியிலிருந்து தருவித்து அச்சகம் தொடங்கினார். முதலில் அச்சானது சகுந்தலையின் பிறப்பு. ராஜாக்களின் மாளிகையில் மட்டும் இருந்த படம், காகிதத்தில் சாதாரண ஜனங்களுக்கும் கிடைத்தது. அதே காலத்தில்தான் இங்கே பர்மாத் தேக்குத் தூண்களும் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுமாகப் பெரிய பெரிய வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவ்வளவு நீளச் சுவரில் எதையாவது மாட்ட வேண்டுமே! வியாபாரம் என்னவோ அண்ணன் தம்பி இருவருக்கும் சரிப்படவில்லை. கடன் ஏறிக்கொண்டே போனது. அச்சகத்தை லோணாவ்ளா பக்கம் மாற்றியும் பார்த்தார்கள். கடைசியில் அங்கே வேலை பார்த்த ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரரிடமே விற்றுவிட்டார்கள். அச்சகம் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடி, 1972இல் தீயில் போனது.

எங்கள் பக்கத்து வீடுகளில் இந்தப் படங்களை அப்படியே மாட்டுவதோடு விடமாட்டார்கள். துணி உடுத்திவிடுவார்கள். லட்சுமியின் சேலை இருக்கும் இடத்தில் நிஜமான பட்டுத்துணியை வெட்டி ஒட்டி, கரைக்கு ஜரிகை தைத்து, நகைக்குச் சமிக்கியும் பாசிமணியும் வைப்பார்கள். முகம், கை, பாதம் மட்டும்தான் அச்சு. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இப்படிப்பட்ட படத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் நிற்பதைப் பார்க்கலாம்.

அப்படி ஒரு லட்சுமி சமீபத்தில் எங்களிடம் வந்தது. கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு. ஆச்சிக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். “எங்க மாமியாருக்கு மாமியார் கையால தச்சதுப்பா. கண்ணாடிய மட்டும் மாத்திக் குடு, துணியத் தொட்டுறாத” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சட்டத்தைக் கழற்றியதும் பின்பலகையிலிருந்து ராமபாணப் பூச்சி நாலைந்து ஓடியது. மாடி ஒழுக்கில் மேல் மூலை பழுப்பேறிப்போயிருந்தது. இடுப்புப் பக்கம் ஜரிகைத் தையல் ஒரு விரற்கடை விட்டு, துணி லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. தம்பி இடுக்கியால் அதைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்க, நான் லென்ஸை வைத்துப் பார்த்தேன். உள்ளே அச்சுச் சேலை நேற்று அடித்ததுபோல இருக்கிறது! வெளியே முகமும் கையும் வெயிலும் புகையும் பட்டு மஞ்சளாகிவிட்டன. துணிக்கடியில் வெளிச்சமே படாததால் நிறம் துளிக்கூட இறங்கவில்லை. கிட்டப் பார்த்தால் எல்லாம் புள்ளி. அடர்த்தியான இடத்தில் நெருக்கிப் புள்ளி, வெளிச்சமான இடத்தில் தள்ளித் தள்ளிப் புள்ளி. நிறத்துக்கு ஒரு கல் என்று தனித்தனியாகப் புள்ளி வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக, மயிரிழை விலகாமல் அச்சடித்திருக்கிறார்கள். மேலே வானத்துக்கு லென்ஸை நகர்த்தினேன். நீலப் புள்ளிகளுக்கு நடுவே இளஞ்சிவப்பு. அடிவானத்துக்கு இறங்க இறங்க நீலம் குறைந்து மற்றது கூடுகிறது. தம்பி ரொம்ப நேரம் அந்த வானத்தை விட்டு நகரவில்லை.

யோசித்துப் பார்த்தால் அந்த ஒரு காகிதத்தில் எத்தனை கை! வரைந்தவர்கள், கல்லில் புள்ளி வைத்தவர், மை ஏற்றியவர், பட்டு வெட்டித் தைத்த அந்த ஆச்சி. கையெழுத்து ஒன்றே ஒன்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தொழில் அப்படித்தான். பார்ட்டிக்கு ஒரு பெயர் போதும், இரண்டு பெயர் இருந்தால் யாரிடம் பேரம் பேசுவது என்று தெரியாது. ஆனால் அடுத்தவர் கையெழுத்துக்கு அடியில் தன் வேலையை வைப்பதற்கு ஒரு பெரிய மனசு வேண்டும். ராஜராஜ வர்மாவிடம் நான் வியப்பது அதைத்தான்.

ரவிவர்மாவை மட்டமாகப் பேசுவது நம் ஓவிய உலகத்தில் ஒரு பழக்கம். காலண்டர் படம், வெள்ளைக்காரன் பாணி, நாடக மேடை போஸ் என்பார்கள். ஒரு கண்காட்சியில் விவரம் தெரிந்த ஒருவர் என் படங்களைப் பார்த்துவிட்டு, “போட்டோ பாத்து வரையறதெல்லாம் கலையில சேராதுங்க” என்றார். ரவிவர்மாவும் போட்டோவை வைத்துக்கொண்டு வரைந்தவர்தான் என்று சொன்னேன், “அதனாலதான் அவரும் இப்படி” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். சரி, அவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. ரவிவர்மாவின் தேவிகள் பல பேருக்கு ஒரே ஜாடை. அழுகிற முகமும் அளவாகத்தான் அழும். ஆனால் துணி இருக்கிறதே, துணி! பட்டு எப்படி மடங்கும், நூல் சேலை எப்படி மடங்கும், ஜரிகைக் கனத்தில் தலைப்பு எப்படித் தொங்கும் என்பதை அவரைப்போல யாரும் பார்க்கவில்லை. பரோடா மகாராஜாவுக்காகப் பதினான்கு புராணப் படங்கள் வரைய ஒப்புக்கொண்டபோது, புராணகாலத்துப் பெண்கள் என்ன உடுத்தியிருப்பார்கள் என்று தேடி அண்ணனும் தம்பியும் வடநாடெல்லாம் சுற்றினார்கள். ஊருக்கு ஊர் ஒவ்வொரு மாதிரி. கடைசியில் சேலையையே எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு லட்சுமி என்றால் சேலை கட்டிய லட்சுமிதான் நம் கண்முன் வருகிறாள். அந்தச் சேலையின் மேல் இன்னொரு சேலை தைத்துப் போட்ட எங்கள் ஊர் ஆச்சிகளைவிட அவருடைய துணியை ரசித்தவர்கள் வேறு யார்?

தம்பியோடு திருவனந்தபுரம் போய் மியூசிய வளாகத்தில் அசல்களைப் பார்த்தேன். அச்சில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அசல் ஒரு அதிர்ச்சி. தமயந்தியின் சிவப்புச் சேலை அச்சில் வெறும் சிவப்பு. அசலில் அந்தச் சிவப்புக்குள் எத்தனையோ சிவப்பு. முள் எடுக்கிற சாக்கில் திரும்பிப் பார்க்கிற சகுந்தலையின் முன்னால் நான் நின்றுவிட்டேன். தூக்கிய பாதம், தோழியின் தோளில் ஊன்றிய கை, அந்தக் கழுத்துத் திருப்பம். தம்பி எனக்குப் பக்கத்தில் இல்லை. படத்தின் ஓரமாக ஒதுங்கி, காட்டுச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அண்ணே, இங்க வந்து பாருண்ணே. இலைய ஒண்ணொண்ணா போடல. இருட்ட மொதல்ல வச்சுட்டு வெளிச்சத்த மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்திருக்காங்க” என்றான். காவலாளி தள்ளி நிற்கச் சொல்லும்வரை அங்கேயே இருந்தான். காரைக்குடிக்குத் திரும்பியதிலிருந்து எங்கள் பெரியவர்களுக்குப் பின்னால் அவன் போடுகிற திரைச்சீலையில் இருட்டு முதலில் வருகிறது. நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஆள் நடந்து போகலாம்போல இடம் கிடைக்கிறது இப்போது. பார்ட்டிகளுக்கு அது தெரியாது. முகம் நன்றாக வந்திருக்கிறது என்று என்னைப் பாராட்டுகிறார்கள்.

1905இல் ராஜராஜ வர்மா இறந்தார். மைசூர் அரண்மனைக்கான புராணப் படங்களின் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டு, 1906 அக்டோபர் 2ஆம் தேதி ரவிவர்மாவும் போய்விட்டார். சர்க்கரை நோய் என்று எழுதியிருக்கிறார்கள்.

இனி எங்கள் படங்களில் இரண்டு பெயரும் போடலாம் என்று தம்பியிடம் சொன்னேன். “எதுக்குண்ணே, அப்புறம் வேட்டி மடிப்பு சரியில்லன்னு என்னையக் கூப்பிட்டுத் திட்டுவாங்க” என்றான். ஆனாலும் போன மாதம் தேவகோட்டைக்குப் போன படத்தில் போட்டுவிட்டேன். படத்தை வாங்க வந்தவர் உற்றுப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேருன்னா கூலியும் ரெண்டா?” என்று கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியாக எடுத்துக்கொண்டு போனார்.

கடைசியாக ஒன்று. வீட்டில் பழைய ரவிவர்மா படம் வைத்திருப்பவர்கள் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். சட்டம் மாற்றக் கொடுக்கும்போது, அளவுக்குப் பொருந்தவில்லை என்று படத்தின் அடிப்பக்கத்தை வெட்டச் சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. விடாதீர்கள். அச்சகத்தின் பெயரும் ஊரும் அந்த அடி விளிம்பில்தான் சின்ன எழுத்தில் இருக்கும். சட்டத்தை வேண்டுமானால் பெரிதாகச் செய்யச் சொல்லுங்கள், தச்சருக்கும் நாலு காசு கிடைக்கும்.